கரிக்கோடு

அன்று வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த கையோடு மஜீட்டின் வளவில் நின்றவர்கள் இவ்வளவு பேர்: காருக்குச் சொந்தக்காரன் மஜீட், அந்தக் காரைத் திருத்திக் கொடுக்கிற மெக்கானிக் காலிதீன், அதில் ஜின் ஏறியிருக்கிறது என்று ஓதிப்பார்க்க வந்த மீராசாஹிபு லெப்பை, மூன்று கிழமைக்கு முன் அதே காரில் போய்வந்து ஆறு மாதக் கருவைப் பறிகொடுத்த கைருன்னிஸாவின் புருசன் அப்துல் ஸமட், லொறி ரயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து வேடிக்கை பார்க்க நின்றுவிட்ட பிலிப்பு. பெண்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். அவர்களை யாரும் எண்ணவில்லை.

நடுவில் கார். சாம்பல் நிற ஒஸ்டின் கேம்பிறிச். சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருசம் அது. மருதமுனையில் வாடகைக்கு ஓடியது அந்த ஒரு கார்தான். கடல் உப்பு அதன் கீழ்த்தகட்டை அங்கங்கே தின்றிருந்தது. பின்கதவுகளின் பூட்டுத் தேய்ந்துபோய், ஓட்டத்தில் தானாகத் திறக்கப் பார்த்ததால் மஜீட் வெளிப்பக்கமாக கதவுக்கொரு தாழ்ப்பாள் அடித்திருந்தான். பின்சீற்றைச் சுற்றித் திரை. பெண்கள் காரில் போனால் திரை போட்டுத்தான் போவார்கள். கண்ணாடியைச் சுற்றி ஏற்றிவிடுவார்கள். முன்சீற்றுக்கும் பின்சீற்றுக்கும் நடுவிலும் ஒரு தடித்த துணி தொங்கும். ஓட்டுகிறவனுக்குக் கடல் காற்று. பின்னால் இருப்பவர்களுக்கு அத்தர் மணமும் இருட்டும்.

"ஓதுறதுக்கு முன்னுக்கு ஒண்டு கேக்கணும்," என்றார் லெப்பை. "எனக்கு மெசின் தெரியா. மெசின்ல குத்தம் இருந்தா என்ட ஓதல் அங்க செல்லாது. சும்மா ஊரை ஏமாத்தின பாவம் எனக்கு வேணாம். காலிதீன், நீ சொல்லு."

"அவன் என்னத்தைச் சொல்ற," என்றான் மஜீட். "ஆவணியில புகைக் குழாய் முழுக்கக் கழட்டிப் பூட்டினவன் அவன்தான்."

"அவன் வாயால சொல்லட்டும்."

ஸமட் காலிதீனின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். ஜின் என்றால் அல்லாஹ்வின் நாட்டம், பொறுத்துக்கொள்ளலாம். மனிசன் என்றால் அவனுக்கு ஒரு முகம் இருக்கும்.

காலிதீன் பொனற்றைத் தூக்கினான். மஜீட்டை ஸ்டார்ட் பண்ணச் சொன்னான். இஞ்சின் சத்தமில்லாமல் ஓடியது. நின்ற இடத்தில் ஓடினால் சத்தம் வராது என்று அவனுக்குத் தெரியும். ஆள் ஏறி, பாரம் இழுத்து, ரோட்டில் போகும்போதுதான் அந்த இடம் வாய் திறக்கும்.

"மெசின்ல ஒரு குறையும் இல்ல," என்றான்.

"சத்தியம் பண்ணு," என்றார் லெப்பை.

"வல்லாஹி," என்றான் காலிதீன்.

பிலிப்பு மட்டும் குனிந்து காருக்கு அடியில் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, ரயரை உருட்டிக்கொண்டு நீலாவணைப் பக்கமாகப் போய்விட்டான்.

விசயம் இதுதான். இஞ்சினுக்குள் எரிந்த புகை ஒரு வார்ப்பிரும்பு வாய் வழியாக வெளியே வரும், மெனிபோல் என்பார்கள். அதன் கீழ் நுனியில் சைலன்சருக்குப் போகிற குழாய் வந்து பொருந்தும். இரும்பும் இரும்பும் எவ்வளவு இறுக்கினாலும் முழுதாக ஒட்டாது. அந்த இடைவெளியை அடைக்க நடுவில் ஒரு வளையம் வைப்பார்கள். செம்புத் தகட்டுக்குள் கல்நார் வைத்த வளையம், உள்ளங்கைக்குள் அடங்கும். அதுதான் காஸ்கட். மூன்று ஸ்டட், மரை போட்ட ஆணிகள், அதை நெருக்கிப் பிடித்திருக்கும். சூட்டில் வளையம் கருகும், நொறுங்கும், புகை பக்கவாட்டில் கசியும். நல்ல மெக்கானிக் என்றால் பழசைச் சுரண்டி எடுப்பான், இரும்பு வாயை அரம் போட்டு மட்டம் பார்ப்பான், புதுசை வைத்து மூன்று ஸ்டட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவான். காரை ஓட்டிச் சூடாக்குவான். ஆறவிட்டுத் திரும்ப இறுக்குவான். ஒரு நாள் வேலை.

ஆவணியில் காலிதீனுக்கு இருந்தது இரண்டு மணித்தியாலம். அட்டாளைச்சேனைக்குக் கலியாண ஹயர். மஜீட் மணிக்கூட்டைப் பார்த்தபடி கராஜ் வாசலில் நடந்துகொண்டிருந்தான். மூன்று ஸ்டட்டில் ஒன்று துருப்பிடித்து, ஸ்பனரோடு முறிந்து கையில் வந்தது. முறிந்த துண்டைத் துளைத்து எடுக்க நேரமில்லை. அந்தக் காருக்குரிய காஸ்கட் கல்முனையில் ஒரு கடையிலும் இல்லை. காலிதீன் கல்நார் மட்டையில் ஒன்றைக் கத்தரியால் வெட்டினான். சிவப்புப் பசையை அப்பினான். இரண்டு ஸ்டட்டை இறுக்கி, மூன்றாவது துளையில் கம்பியைச் சுற்றி முறுக்கினான். சத்தம் நின்றது.

"ரெண்டு நாளைக்குப் புடிக்கும், பொறகு ஒழுங்காச் செய்வம்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான். மஜீட்டிடம் சொன்னது, "முடிஞ்சுது மச்சான்."

சத்தம் இல்லாத காரை ஏன் திரும்பக் கொண்டுவரப் போகிறான் மஜீட்? வரவில்லை. புரட்டாசியில் ரயர் ஒட்டுவதற்காக ஒருநாள் வந்தான். அப்போது காலிதீன் அடியில் படுத்துப் பார்த்தான். முறிந்த ஸ்டட் இருந்த துளையிலிருந்து கரி புறப்பட்டு, கீழ்த்தகட்டில் ஒரு விரல் அகலத்துக்குக் கோடாக ஓடி, பின்சீற்றுக்குக் கீழே தகடு தின்னப்பட்ட ஓட்டை வரைக்கும் போயிருந்தது. யாரோ வழி கீறி வைத்தது போல இருந்தது. காலிதீன் ஒரு பழந்துணியை எடுத்தான். துடைத்தான். எழுந்து ரயரை ஒட்டினான்.

முதலில் காரில் போன ஒரு கிழவி வயிறு குமட்டிச் சத்தி எடுத்தாள். காருக்குப் பழக்கமில்லாத பெண்கள் எல்லாரும் சத்தி எடுப்பார்கள். தேசிக்காய் கொண்டுபோகச் சொன்னார்கள். அடுத்து நிந்தவூருக்குப் போன இரண்டு பிள்ளைகள் நித்திரையிலிருந்து எழும்பவில்லை. மரத்தடியில் கிடத்தி முகத்தில் தண்ணீர் அடித்த பிறகு முழித்தார்கள். களைப்பு என்றார்கள். பிறகு கைருன்னிஸா. அக்கரைப்பற்றிலிருந்து மழையில் வந்தவளைக் கதவைத் திறந்து தூக்கித்தான் இறக்கினார்கள். அவளுடைய கன்னமும் உதடும் சிவந்துபோய்க் கிடந்ததாம். "கலியாணப் பொண்ணு மாதிரி இரிந்தா," என்று பெண்கள் ரகசியமாகச் சொன்னார்கள். வடிவானவளைத்தான் ஜின் பிடிக்கும் என்றார்கள். இரண்டாம் நாள் கரு கலைந்தது.

கன்னம் சிவந்தது என்று கேட்டபோது காலிதீனுக்கு ஒரு பழைய முகம் நினைவுக்கு வந்தது. வேலை பழகிய காலத்தில் அம்பாறையில் ஒரு லொறிக் கிளீனர், கதவடைத்த கொட்டிலுக்குள் இஞ்சினை ஓடவிட்டுக் குளிருக்கு ஒதுங்கிப் படுத்தான். காலையில் அவன் முகம் நல்ல சிவப்பாக இருந்தது. உயிருள்ளவன் முகத்தைவிடச் சிவப்பு. வேலை பழக்கிய பெரிய பாஸ் அன்றைக்கு ஒன்று சொன்னார்: புகைக்கு மணம் உண்டு, ஆளைக் கொல்லுற காத்துக்கு மணம் இல்லை, முதலில் தலை இடிக்கும், பிறகு கை சொல்வழி கேளாது, பிறகு நித்திரை.

காலிதீன் அதை மறக்கவில்லை. அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை சத்தியம் பண்ணினான்.

சத்தியம் கிடைத்ததும் லெப்பை தன் வேலையைத் தொடங்கினார். இஸ்ம் எழுதிய காவல் தகட்டை நூலில் கோத்து முன்கண்ணாடியில் கட்டினார். பின்பக்கத்தில் ஓர் இடுக்கும் இருக்கக் கூடாது என்றார். கண்ணாடி இறங்கக் கூடாது. திரை இரட்டையாக இருக்க வேண்டும். ஜின் எந்த வழியால் வருகிறதோ அந்த வழியை அடைக்க வேண்டும்.

"காலிதீன், கண்ணாடியை இறுக்கிக் குடு," என்றான் மஜீட்.

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். அவனிடம் இருந்தது ஒரு காரணம்தான். ஸமட் பக்கத்தில் நின்றான். காலிதீன் பின்கண்ணாடிகளைச் சுற்றுகிற கைப்பிடிகளைக் கழற்றினான். இரண்டு பக்கமும் கண்ணாடி இறங்காதபடி திருகாணி ஏற்றினான். நல்ல திருகாணிகள். இந்த வேலையில் அவன் அவசரப்படவில்லை.

சனிக்கிழமை காலை பிலிப்பு கராஜுக்கு வந்தான். அடுத்த ஊர் நீலாவணைக்காரன், பத்து வருசமாக லொறி ஓட்டுகிறான். வாங்குப் பலகையில் குந்தி, பீடியைப் பற்றவைத்தான்.

"உங்கட ஜின்னு கறுப்பா இரிக்குமா காலிதீன்?"

"என்ன கதை இது?"

"இல்ல, கேட்டன். நான் பாத்த ஜின் கறுப்பு. மெனிபோலுக்குக் கீழ இரிந்து பின்சீற்று வரைக்கும் கோடு போட்டுக் கிடக்கு."

காலிதீன் கையிலிருந்த ஸ்பனரைத் துடைத்தபடி இருந்தான்.

"எத்தின ஸ்டட் இரிக்கு?"

"ரெண்டு."

"மத்தது?"

"கம்பி."

பிலிப்பு பீடியை நிலத்தில் குத்தி அணைத்தான். சிரிப்பு போய்விட்டது. "நான் இண்டைக்குக் கொழும்புக்குப் போறன். செவ்வாக்கிழமை காஸ்கட்டும் ஸ்டட்டும் கொண்டு வாறன். அதுவரைக்கும் அந்தக் கார் ஓடப்படா."

"நான் எப்பிடி அதைச் சொல்ற?"

"வாயாலதான். நேத்து நல்லாத்தானே கதைச்ச."

"ஸமட் என்னை வெட்டுவான்."

"வெட்டினாலும் வெட்டுவான்," என்றான் பிலிப்பு. எழுந்து போனான்.

அஸர் தொழுகைக்கு மஜீட் பள்ளிக்குப் போயிருந்த நேரம் காலிதீன் அவனுடைய வளவுக்குள் போனான். பொனற்றைத் தூக்கி, டிஸ்றிபியூட்டர் மூடியை நீக்கி, உள்ளே இருந்த றோட்டரைக் கழற்றினான். கட்டைவிரல் அளவு கறுத்த துண்டு. அது இல்லாவிட்டால் எந்தக் காரும் ஓடாது. சட்டைப்பைக்குள் போட்டான். மூடியைத் திரும்ப வைத்தான். செவ்வாய் வரைக்கும் கார் செத்துக் கிடக்கும். பிறகு காஸ்கட் வரும், வேலை முடியும், ஜின் போய்விடும், லெப்பைக்குப் பேர் கிடைக்கும். ஒருவரும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. ஆவணிக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் வயிறாரச் சாப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை விடிய மழை பிடித்தது. மேற்கே வயல்வெளி முழுக்க ஒரே தண்ணீர். பத்து மணிபோலக் காலிதீனின் உம்மாவின் வீட்டிலிருந்து ஆள் வந்தது. நிறைமாதத் தங்கச்சி றாஹிலாவுக்குப் பிள்ளைப்பேற்றுக் குத்து எழும்பிவிட்டது. புருசன் றஸாக் வயல்வாடியில், வெள்ளத்துக்கு அந்தப் பக்கம். மருத்துவிச்சி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டாளாம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வெட்டித்தான் எடுக்க வேண்டும், மட்டக்களப்புக்குக் கொண்டு ஓடுங்கள் என்றாளாம். மஜீட்டின் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. காலிதீனைக் கையோடு கூட்டிவரச் சொன்னார்கள்.

மட்டக்களப்புக்கு இருபத்தைந்து மைல். கைருன்னிஸா வந்த அக்கரைப்பற்று அதைவிடக் கிட்ட.

காலிதீன் மழைக்குள் ஓடினான். ஓடும்போது சட்டைப்பையில் றோட்டர் நெஞ்சில் தட்டிக்கொண்டே வந்தது. வேறு கார் இருக்கிறதா என்று வழியில் இரண்டு பேரிடம் கேட்டான். கல்முனையில் ஒன்று இருந்தது, அது நேற்றே கொழும்புக்குப் போய்விட்டது. பஸ் வெள்ளத்தால் நின்றுவிட்டது. வண்டில் கட்டினால் போய்ச்சேரப் பொழுது பட்டுவிடும்.

மஜீட் பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். மழையில் அவன் சாரன் காலோடு ஒட்டியிருந்தது. "நேத்து வரைக்கும் நல்லா இரிந்த கார் மச்சான். திரும்ப அதுட வேலையைக் காட்டுது. இஸ்ம் கட்டியும் கேக்குதில்ல."

காலிதீன் குனிந்தான். டிஸ்றிபியூட்டர் மூடியில் கை வைத்தான். இப்போது இதை வைக்காவிட்டால் தங்கச்சி அந்த வீட்டிலேயே சாவாள். வைத்தால், தாழ்ப்பாளுக்குப் பின்னால், இரட்டைத் திரைக்குள், ஒன்றரை மணித்தியாலம்.

மஜீட் குடையைச் சரிசெய்யத் திரும்பிய கணத்தில் றோட்டரை வைத்து மூடியை அழுத்தினான்.

"ஸ்டார்ட் அடி," என்றான்.

இஞ்சின் முதல் அடியிலேயே பிடித்தது. குளிர்ந்து கிடந்த இரும்பு, கீழே எங்கேயோ டிக் டிக் என்று சுவர்க்கோழி மாதிரிக் கத்தியது. மழைச் சத்தத்தில் அது காலிதீனுக்கு மட்டும் கேட்டது.

"உன்ட கை கைதான்டா," என்றான் மஜீட்.

காரை உம்மாவின் படலைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். றாஹிலாவை இரண்டு பெண்கள் தாங்கி வந்தார்கள். அவள் தலைக்கு மேல் குடை பிடித்து வந்தவன் அப்துல் ஸமட். பக்கத்து வளவுக்காரன், சத்தம் கேட்டு முதல் ஆளாக வந்திருந்தான். தன் முதுகு நனைய, குடை முழுவதையும் அவள் பக்கம் சரித்திருந்தான். உம்மா, சபியா உம்மா, ஸலவாத்துச் சொல்லிக்கொண்டே பின்னால் வந்தாள்.

"உம்மா," என்றான் காலிதீன். "கண்ணாடித் திருகாணியை ஒருக்காக் கழட்டிவிடுறன். அஞ்சு நிமிசம். உள்ளுக்குக் காத்து வேணும்."

"உனக்கு என்ன மனே, மூளை பிரண்டு போச்சா? அடைச்சு வச்சதைத் திறந்துவிடவா? புள்ளத்தாச்சியை வச்சிக்கிட்டு?"

"மழையும் அடிக்கும்," என்றான் மஜீட். "அஞ்சு நிமிசமும் இல்ல. ஏத்துங்க."

"அது ஜின் இல்ல உம்மா—"

"வேற என்ன?"

கேட்டது ஸமட். கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவன் போல, குடையைப் பிடித்தபடி கேட்டான். மூன்று கிழமையில் அவன் கண்கள் உள்ளே போயிருந்தன.

காலிதீனின் வாய் திறந்தது. சொல்ல வேண்டியது நாலு வார்த்தை. கம்பிதான், ஸ்டட் இல்லை, நான்தான். அந்த நாலு வார்த்தையைச் சொன்னால் கண்ணாடி திறக்கும், திரை கழலும், தங்கச்சி மூச்சு விடுவாள். ஸமட் அவனையே பார்த்துக்கொண்டு நின்றான். மழை குடையிலிருந்து ஒழுகியது.

"ஒண்டுமில்ல," என்றான் காலிதீன். "எனக்கு மனசு சரியில்ல."

"கண்ணாடியைக் கழட்டாத காலிதீன்," என்றான் ஸமட். "என்ட பொஞ்சாதிக்கு வந்தது உன்ட தங்கச்சிக்கு வரப்படா. நீதானே சத்தியம் பண்ணித் தந்த. மெசின் நல்லம். மத்ததை அல்லாஹ் பாப்பான்."

றாஹிலாவைப் பின்சீற்றில் கிடத்தினார்கள். உம்மா மற்றப் பக்கத்தால் ஏறி அவள் தலையை மடியில் எடுத்தாள். அந்தப் பக்கத் தாழ்ப்பாள் விழுந்தது. றாஹிலா பல்லைக் கடித்துக்கொண்டு, "காக்கா எங்க?" என்று அண்ணனைத் தேடினாள்.

"நானும் வாறன்," என்றான் காலிதீன்.

"முன்னுக்கு ஏறு மச்சான்," என்றான் மஜீட்.

முன்சீற்றில் காற்று இருந்தது. மஜீட்டின் பக்கக் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. மழைச்சாரல் அவன் தோளில் அடித்தது. காலிதீன் அந்தக் கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இல்ல. பின்னுக்கு ஏறுறன். காலைப் புடிச்சிக்கொள்ள ஆள் வேணும்."

காலிதீன் கருவிப்பையிலிருந்து பெரிய ஸ்பனரை எடுத்துச் சாரன் மடிப்புக்குள் செருகினான். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. மெக்கானிக்கின் மடியில் ஸ்பனர் இருப்பது புதினமில்லை. அவன் கணக்கு இது: நீலாவணை தாண்டினால் ஸமட்டின் கண்ணுக்கு மறைவு. அதற்குப் பிறகு கண்ணாடியை உடைக்கலாம். தவறி உடைந்தது என்று சொல்லலாம். அதுவரைக்கும் ஐந்து நிமிசம், வெள்ளத்தில் ரோட்டு எப்படியோ, பத்து நிமிசம். பத்து நிமிசத்தில் தலை இடிக்கத் தொடங்கும். கை அதற்குப் பிறகுதான் சொல்வழி கேளாமல் போகும். பெரிய பாஸ் சொன்ன வரிசை அவனுக்கு மனப்பாடம். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிசம் என்று பெரிய பாஸ் சொல்லவில்லை.

காலிதீன் தலையைக் குனிந்து ஏறி, றாஹிலாவின் குளிர்ந்த கால்களைத் தன் மடியில் எடுத்து வைத்தான். இரட்டைத் திரை விழுந்தது. உள்ளே பகல் இல்லாமல் போனது. அத்தர், சாம்பிராணி, ஈரத் துணி. அவற்றுக்குக் கீழே மெல்லியதாக இன்னொரு மணம். அது அவனுக்குத் தெரிந்த மணம்.

முன்னால் மஜீட் கியர் போட்டான். கார் பாரம் எடுத்து ஒருமுறை நடுங்கியது. சீற்றுக்குக் கீழே டிக் டிக் நின்றது. அதற்குப் பதிலாக நீளமாக, ஆள் மூச்சு விடுவதுபோல ஒரு ஓசை தொடங்கியது.

"பொறு, பொறு, இந்தப் பக்கத் தாழ்ப்பாள் கொழுவல்ல," என்று வெளியே ஸமட்டின் குரல் கேட்டது. மஜீட் பிரேக் அடித்தான். ஸமட் கதவைத் தோளால் தள்ளி நெருக்கினான். நன்றாகப் பொருந்தியதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.

"பயப்புடாத காலிதீன்," என்றான் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து. "நல்லா அடைச்சிட்டன்."

தாழ்ப்பாள் விழுந்தது.